தாள் கொளுத்த ஸ்பிரேயர் போதுமா?

"புது ஸ்பிரேயர் வாங்கிட்டேன்டா, இந்தத் தடவை பயமில்லாம தாளைக் கொளுத்தலாம்"னு பக்கத்து வயல் அண்ணன் சொன்னார். எனக்குத்தான் பகீர்னுது.

சம்பா அறுத்து மிஷின் போனதும், மிச்சத் தாளை மடக்கி உழுதா மண்ணுக்கு உரம். கொளுத்தினா வெறும் புகை. என் கட்சி, கொளுத்தவே வேணாம்ங்கிறதுதான்.

கேக்கமாட்டேன்னா, 16 லிட்டர் ஸ்பிரேயரை மட்டும் நம்பாதீங்க. அது மருந்து அடிக்கிற சாமான். பனி மாதிரி தூவும், வரப்போரப் பொறியை வேணா அணைக்கும். காத்து திரும்பினா அவ்ளோதான். காத்தோட ஊதுற பவர் ஸ்பிரேயர் இன்னும் மோசம், பொறியைப் பறக்க விட்டுடும்.

வாய்க்கால்ல இன்ஜினை வச்சு இறைக்கலாமேன்னு கேப்பீங்க. மேட்டூர் ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுறதுதான் வழக்கம். தாள் நல்லா காயுற மாசியில வாய்க்கால்ல மணல்தான் கிடக்கும்.

ஆக, போர் தண்ணிதான் கதி. கரண்டு இருக்கிற நேரம் பாத்து, ஹோஸ் கடைசி வரப்பு வரைக்கும் எட்டுதான்னு இழுத்துப் பாருங்க. சுத்தி ஒரு பட்டை உழுது விடுங்க. அப்புறமா தீப்பெட்டியை எடுக்கலாம். எதுக்கும் 101 ஞாபகம் இருக்கட்டும்.

ஏன் இவ்ளோ புலம்பல்? அண்ணன் வரப்புல இருந்து இருபது தப்படியில எங்க வைக்கப்போர். மாடு ரெண்டும் வருஷம் பூரா அதைத்தான் திங்கணும்.