மீன் சாகவில்லை என்றால் போதுமா?

ஒரு மருந்து நோயாளிக்கு நன்மை செய்கிறதா, தீமை செய்கிறதா என்று ஆராய்வதற்குப் பல ஆண்டுகளையும் பெருந்திரவியத்தையும் செலவிடும் நவீன சமுதாயம், அதே மருந்து அவன் உடலைவிட்டு நீங்கிச் சாக்கடை வழியே ஆற்றையும் ஏரியையும் அடைந்தபின் அங்குள்ள ஜீவராசிகளுக்கு என்ன நேர்கிறது என்பதை விசாரிப்பதில் சொற்ப சிரத்தையே காட்டுகிறது. விசாரிக்கும் இடங்களிலும், மீன் சாகிறதா என்ற ஒரே கேள்வியோடு திருப்தியடையும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை.

கருத்தடை மாத்திரைகள் பலவற்றில் சேரும் எத்தினைல் எஸ்ட்ரடையால் என்ற செயற்கை ஹார்மோனை எடுத்துக்கொள்வோம். இயற்கையான பெண் ஹார்மோனை வாய்வழியே உட்கொண்டால் ஈரல் அதை விரைவில் சிதைத்துவிடும். 1938-ல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் அதன் மூலக்கூறோடு எத்தினைல் என்ற சிறு தொகுதியை இணைத்து, ஈரலுக்கு எளிதில் இணங்காத உறுதியை அதற்கு அளித்தார்கள். மருந்து என்ற முறையில் அதற்குப் பெருமை தேடித்தந்த அந்த உறுதியே, நீர்நிலையில் பாக்டீரியாக்களும் அதை எளிதில் சிதைக்க முடியாமல் செய்கிறது. உடல் அதைச் சர்க்கரை அமிலத்தோடு பிணைத்துச் செயலற்றதாக்கி வெளியேற்றினாலும், கழிவுநீரில் வாழும் நுண்ணுயிர்கள் அப்பிணைப்பை அறுத்துப் பழைய வீரியத்தை அதற்கு மீட்டுத் தந்துவிடுகின்றன. ஓரளவு அது நீரில் சிதைந்தாலும், நாள்தோறும் புதிதாக வந்து சேர்வதால், அங்கு வாழும் மீனுக்கு அது என்றும் நீங்காத பொருளாகவே இருக்கிறது.

இதன் விளைவைக் கனடாவில், ஒண்டாரியோ மாகாணத்தின் வடமேற்குப் பகுதியில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளுள் 260 என்ற எண் கொண்ட ஏரியில் கேரன் கிட் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் நேரில் பரீட்சித்தார்கள். 2001 முதல் 2003 வரை கோடைக்காலங்களில், லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் ஐந்தாறு பங்கு என்ற அளவில், அம்மருந்தை ஏரியில் கலந்தார்கள். மீன்கள் செத்து மிதக்கவில்லை. ஆனால் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு மீனினத்தின் ஆண் மீன்கள், பெண் மீனுக்கே உரிய முட்டைக்கருப் புரதத்தை உற்பத்தி செய்யத் தொடங்கின. அவற்றின் விந்துறுப்புகள் வளர்ச்சி குன்றின. சந்ததி அற்று, அவ்வினமே அந்த ஏரியில் அழியும் தறுவாயை எட்டியது. அதை இரையாகக் கொண்ட ட்ரௌட் மீன்களும் குறைந்தன. மருந்து நிறுத்தப்பட்டுச் சில ஆண்டுகள் சென்றபின் அம்மீனினம் மீண்டது என்பது ஒன்றே ஆறுதல்.

நான்கு நாட்கள் மீனை மருந்துநீரில் வைத்து, எத்தனை இறந்தன என்று எண்ணும் சோதனை இன்றும் உலகெங்கும் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சோதனைக்கு ஏரியிலிருந்த அளவு நிரபராதியாகவே தோன்றியிருக்கும். ஐரோப்பிய மருந்து ஆணையம் 2006-ல் வகுத்த வழிமுறையில், நீரில் எதிர்பார்க்கப்படும் அளவு லிட்டருக்கு 10 நானோகிராமுக்குக் குறைந்தால் பொதுவாக மேல்விசாரணை வேண்டியதில்லை. ஹார்மோன் போன்ற பொருள்களுக்கு மட்டும் அவ்வரம்பு பொருந்தாது. அந்த விதிவிலக்கு இல்லாதிருந்தால், ஓர் இனத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளிய அளவு, விசாரணையே இன்றித் தப்பியிருக்கும். முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை வரை மீனின் வாழ்வைத் தொடர்ந்து பார்க்கும் சோதனை செலவு மிகுந்ததுதான். ஆயினும் அதுவே உண்மையைச் சொல்லும் சோதனை.

மாத்திரை உட்கொள்ளும் ஸ்திரீகள்மீது இதற்காகப் பழி சுமத்துவது பெரும் அநியாயம். மனிதரும் கால்நடைகளும் இயற்கையாகக் கழிக்கும் ஹார்மோன்களும் அதே நீரில்தான் சேர்கின்றன. கழிவுநீரைச் செவ்வனே சுத்திகரிக்க வேண்டிய கடமை அரசுக்கும் மருந்து உற்பத்தியாளருக்கும் உரியது.

இது அயல்நாட்டு விஷயம் என்று இந்தியர் ஒதுக்கிவிடலாகாது. ஐதராபாத்தை அடுத்த பட்டன்சேருவில், மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து இருந்ததை 2007-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மருந்து ஆலைக் கழிவுநீர் பற்றி வெளியிட்ட வரைவு விதிகளில் ஆன்டிபயாடிக் எச்சங்களுக்கு வரம்பு இருந்தது. 2021-ல் வந்த இறுதி விதிகளில் அது காணாமற்போயிற்று. அந்த வரம்புகளை அமைச்சகம் மீண்டும் சேர்க்கவேண்டும். புதிய மருந்துக்கு அனுமதி கோருவோர் நீர்வாழ் உயிர்களின் இனப்பெருக்கத்தையும் பரீட்சித்து, அதன் முடிவுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்று சட்டம் இயற்றவேண்டும்.