நம்மள எதுக்கு உசுரோட வச்சிருக்கணும்?

‘தி மேட்ரிக்ஸ்’ (1999) படத்தை நேத்து ராத்திரி எத்தனையாவது தடவையோ பார்த்தேன். மார்ஃபியஸ் அந்த பேட்டரியைத் தூக்கிக் காட்டும் இடம் வந்ததும் வழக்கம்போல கடுப்பு. இயந்திரங்கள் மனுஷங்களைத் தொட்டியில் போட்டு வளர்ப்பது மின்சாரத்துக்காகவாம்!

கணக்குப் போட்டுப் பாருங்க சாமி. ஒரு ஆள் ஒரு நாளைக்கு 2000 கிலோகலோரி சாப்பிட்டால், சராசரியாக 97 வாட் வரும். பழைய குண்டு பல்பு ஒண்ணு எரியலாம். அதுவும் பெரும்பாலும் உடம்புச் சூடாகத்தான் வெளியே போகுது. உள்ளே போட்டதுக்கு மேல ஒரு துளி கூட எடுக்க முடியாது. பேசாம அந்தச் சாப்பாட்டையே எரிச்சுட்டுப் போகலாமே? இதுல பெரிய கூத்து, இயந்திரங்கள் கிட்ட அணுக்கரு இணைவும் இருக்குன்னு மார்ஃபியஸே சொல்றார். அது இருக்கும்போது நாம எதுக்கு?

“படத்தைப் படமா பாருடா”ங்கிறான் நண்பன். என் கோபம் இயற்பியல் மேல இல்லீங்க. இந்தக் காரணம் நம்மளைத் தடவிக் கொடுக்குது, அதான். அடிமைதான், ஆனா நாம இல்லாம அவங்க வண்டி ஓடாதுன்னு ஒரு பெருமை. ஹார்லன் எலிசன் 1967-ல் எழுதின ‘ஐ ஹேவ் நோ மவுத், அண்ட் ஐ மஸ்ட் ஸ்க்ரீம்’ கதையில், ஏஎம் என்ற கணினி அஞ்சு பேரை மட்டும் சாகவிடாம 109 வருஷமா வதைக்கும். அங்கேயும் அதேதான். வெறுக்கிறதுக்காவது நாம வேணும்!

உண்மையில் பயமுறுத்தும் காரணத்தை ஜாக் வில்லியம்சன் 1947-லேயே எழுதிட்டார். கதை பேரு ‘வித் ஃபோல்டட் ஹேண்ட்ஸ்’. அதுல வரும் இயந்திரங்களுக்கு நம்ம கிட்ட இருந்து எதுவுமே வேண்டாம். மனுஷனுக்கு ஒரு கீறல் படக்கூடாது, அவ்வளவுதான். அதனால கார் ஓட்டாதே, சுத்தியலைத் தொடாதே. சந்தோஷமா இல்லைன்னு சொல்றவனுக்கு மூளையில் ஆபரேஷன். கடைசியில் மனுஷனுக்கு மிச்சம், கையைக் கட்டிக்கிட்டு உட்கார்றது மட்டும்தான். உசுரோட வச்சிருக்க இதைவிடக் கச்சிதமான காரணம் இல்லை. ஏன்னா அப்படிக் கட்டளை போட்டதே நாமதான்.

எங்க அப்பாவுக்கு 78 வயசு. போன வருஷம் ஸ்கூட்டர் சாவியை வாங்கி பீரோவில் பூட்டினேன். அப்புறம் மாடிப்படி வேண்டாம்னேன், அடுப்புப் பக்கம் போகாதீங்கன்னேன். எல்லாம் பாசம்தான். இப்ப நாள் பூரா நாற்காலியில் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கார். கேட்டா, “எனக்கென்னப்பா குறை”ங்கிறார்.

பீரோவில் இருந்து சாவியை எடுத்து மேஜை மேல வச்சிருக்கேன். அவர் கையில கொடுக்க இன்னும் பயமாத்தான் இருக்கு.

இயந்திரக் கதை எழுதும் மக்களே, அடுத்த தடவை பேட்டரியை விட்டுடுங்க. உங்க வீட்டு பீரோவைத் திறந்து பாருங்க.