பாலர் வகுப்பும் பருவந்தோறும் பரிவும்

பாலர்க்கு நற்குணம் கற்பித்தல் வேண்டும் என்பதில் எவர்க்கும் ஆட்சேபமில்லை. எவ்வாறு கற்பிப்பது என்பதிலேயே அபிப்பிராய பேதம் உண்டு. நீதி வாக்கியங்களை நெட்டுருப் பண்ணுவித்து, பரீட்சையில் மதிப்பெண் வழங்கிவிட்டால் உபாத்தியாயரின் கடமை தீர்ந்ததென்று எண்ணுவோர் பலர். ஆயினும், ஜீவகாருண்யம் என்னும் பதத்தைப் பிழையின்றி ஒப்புவித்த பாலன் அடுத்த கணமே நாய்க்குட்டியின்மீது கல்லெறிதலை நாம் கண்டிருக்கின்றோம். பரிவு, நீந்துதலைப் போலச் செய்து பழக வேண்டிய தொன்று. அப்பழக்கத்திற்கு மழையும் பனியும் வெயிலும் விழாவுமே உகந்த சந்தர்ப்பங்கள் என்பது நமது துணிபு. சிறுவர் அறிந்த உலகம் அவையேயன்றோ?

இதனை நமது எல்லைப்புறத்தில் வைத்து ஆராய்வோம். 2004ஆம் ஆண்டு தருமபுரியினின்றும் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் நெடுங்காலமாக ஒரே சந்தையில் ஒலித்து வருவன. ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த பின்னர், வட தேசங்களினின்றும் தொழிலாளர் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அவர்தம் குழந்தை வகுப்பில் நுழையுங்கால், ஒரு சொல்லும் விளங்காமல் மூலையில் ஒடுங்குகின்றது. இக்குழந்தையை ஏனையோர் எவ்வாறு நடத்துகின்றனர் என்பதே நமது நீதிபோதனைக்கு உண்மையான பரீட்சை.

பள்ளி திறக்கும் ஜூன் மாதம் இவ்வூர்களில் மாங்கனி மலிந்த காலம். உபாத்தியாயர் ஒரு கனியைக் கையிலேந்தி, அதற்கு ஒவ்வொரு பாலனின் வீட்டிலும் வழங்கும் பெயரைச் சொல்லச் செய்க. மாம்பழம், மாமிடி பண்டு, மாவின ஹண்ணு, ஆம் என்று பெயர்கள் வரும். பின்னர்க் கனியைப் பகிர்ந்துண்க. இங்குப் புதிதாய் வந்த குழந்தையும் ஒரு சொல்லைப் பிறர்க்குக் கற்பிக்கின்றது. பெறுவோனாகவே என்றும் நிறுத்தப்படுபவன் நாணமுறுவான். கொடுக்கவும் இடம் பெற்றவனே தோழனாவான்.

தீபாவளி அணுகுங்கால், சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்களின் செய்தியைக் கூறலாம். நீர்ப்பறவைகள் வெருளாதிருக்கும் பொருட்டு அவ்வூரார் பல்லாண்டுகளாகப் பட்டாசு கொளுத்துவதில்லை. அதைக் கேட்ட பாலர், தம் தெருவில் வெடியோசைக்கு அஞ்சும் முதியவர் யார், கைக்குழந்தை யாது, நாய் யாது என்று தாமே எண்ணிச் சொல்லட்டும்.

ஐப்பசி கார்த்திகையில் கேழ்வரகு முற்றும்போது, கர்நாடகத்துப் பன்னார்கட்டாப் பக்கத்தினின்றும் யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளை நோக்கி வருகின்றன. யானையின்மீது இரங்குக என்று மட்டும் போதிப்பது எளிது. ஓரிரவில் ஆண்டுப் பலனை இழக்கும் குடியானவனின் மகவும் அதே வகுப்பில் அமர்ந்திருக்கின்றது. பரணில் காவலிருந்த தந்தையைப் பற்றி அது பேச, ஏனையோர் கேட்டிருத்தல் வேண்டும். இரு தரத்தார் துயரையும் ஒருங்கே எண்ணப் பழகாத இரக்கம் அரை இரக்கமே.

மார்கழியில், ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் குளிர் மிகும். கம்பளிச் சட்டைகளைச் சேகரித்தல் நன்று. ஆனால் அவற்றை வகுப்பின் நடுவே பெயர் கூறி வழங்கி, புகைப்படமும் எடுத்தல் கொடுமை. வாங்கும் கையை மறைக்க அறியாத தர்மம் பாலர்க்கு டம்பத்தையே கற்பிக்கும். கோடையில் பறவைகட்கு மண்சட்டியில் நீர் வைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. முதல் நாள் வைக்க எல்லாரும் ஓடி வருவர். சட்டியைக் கழுவி நாள்தோறும் நிரப்புவார் யார், விடுமுறையில் அதனைப் பேணுவார் யார் என்று முறை வகுத்தலே பாடமாகும்.

இவற்றுக்கெல்லாம் நேரமேது, பாடங்கள் பின்தங்குமே என்பார் உளர். அவர் ஐயம் புறக்கணிக்கத் தக்கதன்று. எழுத்தும் எண்ணும் அறியாத பாலனுக்கு வேறெதுவும் ஈடாகாது. எனினும் மாங்கனிப் பாடம் மொழிப்பாடமேயாகும். நீர் முறை வகுத்தல் கணக்கேயாகும். 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் யாவற்றுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டமும் வாய்ப்பொன்றை அளித்துள்ளது. கடைசித் தட்டும் நிரம்பும்வரை காத்திருந்து உண்ணப் பழகுவதற்குத் தனிப் பாடவேளை வேண்டுவதில்லை.

இறுதியாக ஒன்று. உணவு சமைப்பவரையும் வகுப்பைப் பெருக்குபவரையும் உபாத்தியாயர் எங்ஙனம் விளிக்கின்றார் என்பதைப் பாலர் ஆண்டு முழுவதும் உற்று நோக்குகின்றனர். அவர் நாவில் கடுமை இருப்பின், பருவந்தோறும் செய்த முயற்சி அத்தனையும் விழலுக்கு இறைத்த நீராய் முடியும். நம் கல்லூரியினின்றும் ஆசிரியத் தொழிலுக்குச் செல்லவிருக்கும் மாணவ அன்பர்கள் இதனை முதற்கண் சிந்திப்பாராக.