பேசக் கற்றுத் தர சாஃப்ட்வேர் தேவையா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் பெற்றோர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "குழந்தைக்கு ரெண்டு வயசு ஆகுது. நல்லாப் பேச வைக்க ஏதாவது சாஃப்ட்வேர் இருக்கா சார்?" ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எங்கு போனாலும் இதே கேள்விதான். வேண்டாம் என்பதே என் பதில். அந்த வேலையைச் செய்ய வேண்டியது நீங்களும் வீட்டிலுள்ள தாத்தா பாட்டியும்தான்.

காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் பட்ரீசியா கூல் குழுவினர் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒன்பது மாதக் குழந்தைகளில் ஒரு பிரிவினருடன் சீன மொழி பேசுபவர்கள் நேரில் அமர்ந்து, கதை படித்து விளையாடினர். இன்னொரு பிரிவினருக்கு அதையே வீடியோவில் காட்டினர். இரண்டுக்கும் 12 முறை. நேரில் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தன. வீடியோ பார்த்தவை எதையும் கற்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2019-ல், இரண்டு வயது நிறையும் வரை திரை வேண்டாம், அதன்பின் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றது.

வீடியோ பதிலுக்குக் காத்திருக்காது. நீங்கள் காத்திருப்பீர்கள். குழந்தை கையை நீட்டி "பது" என்றால், "ஆமா, படகு! மீன் பிடிக்கப் போகுது" என்பீர்கள். ஒரு சொல் வாக்கியமாகிவிட்டது. இதற்குக் காசிமேட்டை விட நல்ல இடம் ஏது? வஞ்சிரம், சங்கரா, நண்டு, வலை, ஐஸ், ஏலம் என்று எத்தனை சொற்கள்! சாலைக்கு வந்தால் கன்டெய்னர் லாரிகள். எண்ணிப் பார்க்கச் சொல்லலாம்.

"எங்க பேச்சு மெட்ராஸ் பாஷை, குழந்தைக்கு ஒட்டிக்கும்" என்று சிலர் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டு, இங்கிலீஷ் ரைம்ஸைப் போட்டுவிடுகிறார்கள். இதுதான் எனக்கு வருத்தம். துறைமுக ஊரின் பேச்சில் பல மொழிச் சொற்கள் கலப்பது இயல்பு. "துட்டு"கூட டச்சு நாணயத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். தமிழோ தெலுங்கோ, உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் பேசுங்கள். பள்ளிப் பேச்சு பின்னால் தானே வந்து சேரும்.

அப்படியானால் கம்ப்யூட்டர் எதற்கு? இரண்டு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு மூன்று வழிகள் சொல்கிறேன்.

1. வீடியோ கால்: அப்பா கப்பலில் அல்லது வெளியூரில் இருந்தால் தினமும் பேசட்டும். பதிவு செய்த வீடியோவில் கற்காத புதிய சொற்களை, நேரடி வீடியோ உரையாடலில் இரண்டு வயதுப் பிள்ளைகள் கற்றதை 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது.

2. போட்டோ: கடற்கரையில் எடுத்த படங்களை ஒரு ஃபோல்டரில் போட்டு, மடியில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகத் திறங்கள். "இது என்ன? அப்புறம் என்ன ஆச்சு?" கதையைப் பிள்ளை சொல்லட்டும்.

3. குரல் பதிவு: விண்டோஸ் 11-ல் சவுண்ட் ரெக்கார்டர் இலவசமாகவே இருக்கிறது. பிள்ளை சொன்ன கதையைப் பதிந்து போட்டுக் காட்டுங்கள். டெஸ்க்டாப் என்றால் ஒரு மைக் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டால், "ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று விட்டுவிடாதீர்கள். குழந்தை நல மருத்துவரிடம் காட்டி, காது கேட்கும் திறனையும் சோதியுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கை எப்போது வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொள்ளலாம். குழந்தையின் முதல் மூன்று வருடம் திரும்ப வராது. பேசுங்கள்.