பழைய கன்வெர்ட்டிபிள் வாங்கப் போறீங்களா? பெரும்பாக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது பார்க்கிங்!

புது எஸ்யூவி விலையைவிடக் குறைவாக, கூரை திறக்கும் ஒரு பி.எம்.டபிள்யூ இசட்4. யூஸ்டு கார் ஆப்பில் இப்படியொரு விளம்பரத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் நீங்கள் இருப்பது பெரும்பாக்கம் என்றால் கொஞ்சம் பொறுங்க.

தண்ணீர்தான் பிரச்சினை

பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய பகுதி இது. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல் இரண்டையும் இங்கே யாரும் மறக்கவில்லை. தரையோடு தாழ்ந்து நிற்கும் இந்த வகை காருக்கு முழங்கால் அளவு தண்ணீரே போதும்.

மேலிருந்தும் ஆபத்து

கூரை மடியும் இடத்தில் மழைநீர் வடிய சிறு துளைகள் இருக்கும். இலை, தூசி அடைத்தால் தண்ணீர் தேங்கும். 2002-ல் வந்த முதல் தலைமுறை இசட்4-ல் கூரையை இயக்கும் மோட்டார் இருப்பதே அந்தப் பள்ளத்தில்தான். அது நனைந்து பழுதானால் கூரை நகராது.

ஆர்.சி. செலவு

15 ஆண்டு முடிந்தால் எஃப்.சி. எடுத்து ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும், அதுவும் 5 ஆண்டுக்குத்தான். 20 ஆண்டைத் தாண்டிய இறக்குமதி காருக்கு 2025 முதல் புதுப்பிப்புக் கட்டணம் 80,000 ரூபாய். ‘விண்டேஜ்’ கணக்கில் சேர 50 வயது ஆகணும்.

என்ன செய்யலாம்?

ஆசைப்படுவதில் தப்பில்லை. சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்க. சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற காராக இருக்கலாம். கார்பெட்டுக்கு அடியில் துரு இருக்கான்னும் பாருங்க. ரிப்பேருக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்க. பேஸ்மென்ட் வேண்டாம்; அக்டோபர் முதல் டிசம்பர் வரை காரை நிறுத்த மேடான, கூரையுள்ள இடம் வேணும். அது உறுதியாகும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீங்க.