அளவே மருந்து

(பன்னிரண்டாம் வகுப்பு மாணவி)



"தைராய்டு மாத்திரையா? அதைத் தொட்டால் பக்க விளைவுகள் ஏராளமாமே!" என்று அஞ்சுவோர் ஒரு சாரார். "அதில் ஒன்று கூடுதலாகப் போட்டால் உடம்பு தானாக இளைத்துவிடுமாமே!" என்று ஆசைப்படுவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் செய்வது ஒரே தவறுதான் என்பது என் கருத்து. இருவருமே மாத்திரையைப் பார்க்கின்றனர். அதன் அளவைப் பார்ப்பதில்லை.

நம் கழுத்தின் முன்புறத்தில், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. அது சுரக்கும் தைராக்சின் என்னும் ஹார்மோனே நம் உடல் இயங்கும் வேகத்தை நிர்ணயிக்கிறது. அது குறைந்தால் சோர்வு, உடல் பருமன், குளிர் தாங்காமை, முடி உதிர்தல், மாதவிலக்கில் ஒழுங்கின்மை எல்லாம் வந்து சேரும். இக்குறைபாடு ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

இதற்கு மருந்து கிடைத்த வரலாறு சுவையானது. 1891ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர், இக்குறைபாடு முற்றிய ஒரு பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியே செலுத்தினார். அப்பெண்மணி மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, தமது 74ஆம் வயதில் மறைந்தார். பின்னர் 1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் என்ற அறிஞர் தைராக்சினைத் தூய வடிவில் பிரித்தெடுத்தார். இன்று அதே ஹார்மோன் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டு மாத்திரையாகக் கிடைக்கிறது. உடலில் குறைந்ததை ஈடு செய்வதே அதன் பணி.

ஆனால் அதன் அளவைச் சற்று எண்ணிப் பாருங்கள்! 25, 50, 75, 100 என்று புட்டியில் அச்சிட்டிருப்பது மைக்ரோகிராம் கணக்கு. ஒரு கிராமைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் 100 மைக்ரோகிராம். இவ்வளவு சிறிய அளவே ஒரு மனிதரின் ஒரு நாள் இயக்கத்துக்குப் போதுமானால், அதைக் கூட்டவும் குறைக்கவும் நமக்கு ஏது உரிமை?

இதை என் சித்தியிடமிருந்தே கற்றுக்கொண்டேன். டாக்டர் அவருக்கு எழுதிக் கொடுத்தது 75. உறவினர் திருமணத்துக்குள் இளைத்துவிட வேண்டும் என்று, யாரிடமும் சொல்லாமல் நாள்தோறும் இரண்டாக விழுங்கத் தொடங்கினார். சில வாரங்களில் நெஞ்சு படபடத்தது, இரவில் உறக்கம் போயிற்று, வியர்த்துக் கொட்டியது. காப்பி ஆற்றும்போது கை நடுங்கி, டம்ளரிலிருந்து காப்பி தரையில் சிந்தியதை நான் கண்ணாரக் கண்டேன். "எல்லாம் இந்த மாத்திரையின் பக்க விளைவு" என்று வெறுத்து, பிறகு அதை அடியோடு நிறுத்தினார். இரண்டே மாதங்களில் முகம் உப்பி, படியேறவும் இயலாமல் சோர்ந்தார். இரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், "அம்மா, மருந்தின் மேல் பழி போடாதீர்கள். முதலில் அளவு மிஞ்சியது, பிறகு அளவே இல்லாமல் போயிற்று" என்றார். பழைய 75 மைக்ரோகிராமுக்கே திரும்பிய சித்தி இன்று நலமாக இருக்கிறார்.

நான் மட்டும் என்ன, யோக்கியமா? வகுப்பில் என் பருமனைக் கேலி செய்த நாளில், என் தாயாரின் மாத்திரைப் புட்டியை நானும் திறந்தேன். சிந்திய காப்பி கண்முன் வந்ததால் மூடி வைத்தேன். சுரப்பி நன்றாக இருப்பவர் உடல் மெலிய இதை உட்கொள்வது ஆபத்து. அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். நாளடைவில் எலும்பும் வலுவிழக்கலாம். அமெரிக்காவில் இம்மருந்தின் விளக்கத் தாளில், பருமனைக் குறைக்க இதைப் பயன்படுத்தலாகாது என்று கட்டம் கட்டியே எச்சரிக்கிறார்கள்.

அளவு என்பது எண்ணிக்கை மட்டுமன்று; நேரமும் அதில் அடங்கும். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே காப்பியும் பலகாரமும் உட்கொள்ள வேண்டும். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இன்றேல் மருந்து உடலில் சரியாகச் சேராது. அளவை மாற்றினால், ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நலம். அதன் முடிவு சரியாக வந்துவிட்டது என்பதற்காக நாமே மாத்திரையை நிறுத்திவிடுவதும் தவறு. முடிவு சரியாக வந்ததே மாத்திரையால்தான். கருவுற்ற தாய்மாருக்குப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும். குழந்தையின் மூளை வளர்ச்சி அதைச் சார்ந்திருப்பதால், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வயது, எடை, இதயத்தின் நிலை ஆகியவற்றைப் பொறுத்து அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஆகையால் பெற்றோரே, அடுத்த வீட்டாரின் சீட்டைக் காட்டி உங்கள் பெண்ணுக்கு மாத்திரை வாங்காதீர்கள். மாத்திரைப் புட்டியை எல்லார் கைக்கும் எட்டும்படி வைக்காதீர்கள். தோழியரே, ஒருத்தியின் உடம்பைக் கேலி செய்யுமுன், அந்தச் சொல் அவளை எந்தப் புட்டியைத் திறக்கச் செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்றனர் நம் பெரியோர். அளவில் குறைந்தால் அந்த அமுதமும் பயன்படாது என்பதை என் சித்தி எனக்குக் கற்பித்தார். அளவறிந்து உட்கொள்வோம், நலமுடன் வாழ்வோம்!