பக்கத்து அறைக்கு ஊர் சுற்றிப் போகும் போட்டோ

அக்கா நிச்சயதார்த்தப் போட்டோக்கள் தம்பியின் லேப்டாப்பில் இருக்கின்றன. அக்கா இருப்பது அடுத்த அறையில். அவள் கேட்டால் என்ன நடக்கிறது? வாட்ஸப்! போட்டோ வீட்டை விட்டுக் கிளம்பி, எங்கோ ஒரு சர்வரைத் தொட்டு, தரம் குறைந்து இளைத்துப்போய், அதே வீட்டுக்குத் திரும்பி வருகிறது. வடக்கு மாட வீதியிலிருந்து தெற்கு மாட வீதிக்குப் போக யாராவது தாம்பரம் சுற்றுவார்களா?

ஒரே இணைப்பை வீடு முழுக்கப் பகிர்வதை நாம் நன்றாகவே கற்றுக்கொண்டோம். ஆனால் கோப்புகளைப் பகிர்வதை மறந்துவிட்டோம். அது வீண்செலவு என்பது இந்த காமர்ஸ் மாணவனின் கட்சி.

முன்பு இப்படி இல்லை. 1999-ல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இணைப்பைப் பகிரும் வசதி இருந்தது. மோடம் மாட்டிய கணினி மற்றவற்றுக்கு வாசல். அதை அணைத்தால் எல்லாருக்கும் நெட் போச்சு. 2005-ல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தபோதும் பல திட்டங்களில் மாத அளவு உண்டு, தாண்டினால் பில் எகிறும். அடையாறில் இருக்கும் அத்தை பையன் அந்தக் கதைகளைச் சொல்லுவான். ரிச்சி தெருவில் வாங்கிய கிராஸ் கேபிளால் இரண்டு கணினிகளை நேராக இணைத்து, ஒருவர் இறக்கியதை மற்றவர் பகிர்ந்த ஃபோல்டரிலிருந்து எடுத்துக்கொள்வார்களாம். ஒரே பாட்டுக்கு இரண்டு முறை காசு தருவானேன்? டேட்டா மலிவானதும் அந்தக் கணக்கு மறந்துபோனது.

ஆனால் செலவு ஒழியவில்லை, வாடகையாக மாறிவிட்டது, அவ்வளவுதான். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1-லிருந்து அளவில்லா இலவசத்தை நிறுத்தியது. 15 ஜிபி நிறைந்தால் மாதாமாதம் பணம். நம் வீட்டுப் படத்தை நாமே பார்க்க வாடகை!

இத்தனைக்கும் தேவையானது வீட்டிலேயே இருக்கிறது. ரவுட்டர் என்பது நெட் கொடுக்கும் பெட்டி மட்டுமல்ல, வீட்டுக் கணினிகளுக்கு நடுவே ஒரு சந்திப்பும்கூட. விண்டோஸில் ஒரு ஃபோல்டரை வலது க்ளிக் செய்து பகிரச் சொன்னால் மற்ற கணினிகள் அதைத் திறக்கலாம். 100 எம்பிபிஎஸ் கேபிளில் நொடிக்கு 12.5 எம்பி போகும் (எட்டால் வகுக்க வேண்டும், நெட் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை!). 4 ஜிபி வீடியோவுக்கு ஐந்தரை நிமிடம், நடைமுறையில் கொஞ்சம் கூடலாம். கிளவுடில் என்றால் முதலில் ஏற்ற வேண்டும், பிறகு இறக்க வேண்டும். நெட் இல்லாத நாளில் அதுவும் நடக்காது. வீட்டு நெட்வொர்க்குக்கு ரவுட்டரில் கரண்ட் இருந்தால் போதும்.

"பாதுகாப்பு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் பரவியது, விண்டோஸின் இந்தக் கோப்புப் பகிர்வு வசதியில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள். ஆகவே அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள், பகிர்வுக்குப் பாஸ்வேர்ட் வையுங்கள். வைஃபைக்கும்தான். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சலைத் தேடிப்போன போலீஸ், நவி மும்பையில் பூட்டாத வைஃபை வைத்திருந்த ஒருவர் வீட்டு வாசலில் போய் நின்றது. இணைப்பு யார் பெயரிலோ, கேள்வி முதலில் அவருக்குத்தான்.

கிளவுட் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். 2015 டிசம்பரில் அடையாறு ஆறு பெருகியபோது கோட்டூர்புரத்தில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படி ஒரு வெள்ளத்தில் கணினியும் ஆல்பமும் சேர்ந்தே நனையும். எனவே கல்யாண வீடியோ, தாத்தா பாட்டி படம் போன்ற திரும்பக் கிடைக்காதவற்றின் ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். அதற்குக்கூட வாடகை அவசியமில்லை. ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு, தி. நகரில் மாடி வீட்டில் இருக்கும் சித்தியிடம் கொடுத்து வைக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப் படங்களைச் சேர்க்கப் போனால் டிபனும் கிடைக்கும் :-)